அரை அங்குலத் தண்ணீர்

“ஆத்துல ஓடினா மீனுக்கு மனே, வாய்க்கால்ல ஓடினாத்தான் நமக்கு.”

இது அப்பா அடிக்கடி சொல்கிற கதை. மூன்று ஏக்கர் வயலை வைத்துக்கொண்டு நாற்பது வருசமாக வானத்தையும் குளத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர் வேறு என்ன சொல்வார். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். மேலே மழை பெய்கிறது, தண்ணீர் இறங்கி வருகிறது, நாம் மறித்துப் பிடிக்காவிட்டால் அது களப்பில் விழுந்து கடலுக்குப் போய் வீணாகிவிடும். கூட்டங்களில் பேசுகிற பெரியவர்களும் இதே சொல்லைத்தான் சொல்வார்கள்: வீணாகக் கடலில் கலக்கும் தண்ணீர். மட்டக்களப்பு என்று ஊரின் பெயரிலேயே களப்பை வைத்துக்கொண்டு, அந்தக் களப்புக்குப் போகிற தண்ணீரை வீண் என்கிறோம். இதில் உள்ள பகிடி எனக்கு விளங்க 2017 வரைக்கும் ஆனது.

எங்கள் பக்கம் சித்தாண்டி. ஊர் இந்தக் கரையில், வயல்கள் ஆற்றுக்கு அந்தக் கரையில் ஈரளக்குளம், பெருமாவெளி என்று பரந்து கிடக்கின்றன. மாரியில் ஆறு பெருகினால் வயலுக்குப் போவதே தோணியில்தான். மஹா ஓயாப் பக்கமிருந்து இறங்கி வருகிற முந்தனை ஆறு அது. படத்தில் பார்த்தால் ஒரே கோடு, நேரில் பார்த்தால் அதற்கு எத்தனையோ கிளை, ஓடை, வெட்டை. அப்படி ஒரு ஓடை எங்கள் வயலின் கடைசி வரம்போடு போகிறது. எந்தப் படத்திலும் அதற்குப் பெயர் கிடையாது, நாங்கள் மருதடி ஓடை என்போம். இரண்டு பக்கமும் மருத மரங்கள். ஓடை வளைகிற இடத்தில், பெரிய மரம் ஒன்றின் வேர் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் இடத்தில், ஒரு மடு இருக்கிறது. ஓகஸ்டில் ஓடை முழுக்க மணலாகிவிட்டாலும் அந்த மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும்.

அந்த மடுவை நான் பிறகு ஒருநாள் கயிறு போட்டு அளந்தேன். (அளந்ததைப் பார்த்த சித்தப்பா, காணியை விற்கப் போகிறோமோ என்று கேட்டார்.) கோடையில் நீளம் ஏறக்குறைய 20 மீற்றர், அகலம் 8, ஆழம் சராசரியாக ஒரு மீற்றர். 160 கன மீற்றர், அதாவது 1,60,000 லீற்றர். கேட்கப் பெரிதாக இருக்கிறது. தண்ணீர் இறைக்கிற இரண்டு அங்குலப் பெற்றோல் மிசின் ஒன்று நிமிசத்துக்கு 500 லீற்றர் வரைக்கும் இழுக்கும். மணித்தியாலத்துக்கு 30,000. அப்படியென்றால் ஒரு மிசின் ஐந்தரை மணித்தியாலம் ஓடினால் மடு முடிந்தது. காலை ஏழு மணிக்குத் தொடங்கினால் பகல் சாப்பாட்டுக்கு வீடு போகலாம்.

இனி மற்றப் பக்கக் கணக்கு. அவ்வளவு தண்ணீரையும் ஒரு சொட்டுச் சிந்தாமல் எங்கள் மூன்று ஏக்கரில் பரப்பினால் எவ்வளவு உயரம் நிற்கும்? 13 மில்லிமீற்றர். அரை அங்குலம். கோடைப் பயிரான சிறுபோகத்தில், வெயிலும் கச்சான் காற்றும் அடிக்கிற நாளில், நெல் வயலுக்கு அது இரண்டு நாள் பாட்டுக்குக் காணும், காணாமலும் போகும்.

இந்தக் கணக்கை 2017இல் நான் போட்டிருக்கலாம். போடவில்லை.

அந்த வருசத்து வரட்சியை எங்கள் பக்கத்து ஆட்களுக்கு நினைவுபடுத்தத் தேவையில்லை. முந்தின மாரியே பொய்த்துப் போனது. குளத்தில் இருந்ததை வைத்து, கொஞ்சக் காணிக்கு மட்டும் சிறுபோகம் என்று கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசி. மேல்வட்டைக்காரர் எல்லாரும் எடுத்து முடித்து, இடையில் இரண்டு மூன்று பேர் இரவில் திருடியும் முடித்த பிறகு மிஞ்சுவதுதான் எங்களுக்கு வரும். கதிர் இன்னும் வெளியே வராத குடலைப் பருவத்தில் வாய்க்காலில் தண்ணீர் வருவது நின்றுபோனது. அம்மாவின் காப்பு அடகில். அப்பா ஒன்றும் பேசாமல் மிசினைச் சைக்கிளில் கட்டினார், நான் ஹோசைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். மருதடி மடுவுக்குப் போனால் ஏற்கெனவே இரண்டு மிசின் நிற்கிறது. எங்களுடையது மூன்றாவது.

இரண்டு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. தண்ணீர் இறங்க இறங்க மடு கொதிக்கிற மாதிரி இருந்தது. முதலில் திலாப்பியாதான் அடித்துக்கொண்டது, வெள்ளை வெள்ளையாய்த் துள்ளிச் சேற்றில் விழுந்தது. பிறகு கெளுத்தி. சுங்கானும் விராலும் லேசில் சாகாது, அவை மேலே வந்து காற்றைக் குடிக்கிற சாதி. தண்ணீர் வற்றினாலும் ஈரச் சேறு இருந்தால் சமாளிக்கும். விரால் தலையை மட்டும் சேற்றுக்கு வெளியே நீட்டி, வாயைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டு கிடந்தது. அதன் வாயைச் சுற்றிச் சேற்றில் சின்ன வளையம் ஒன்று விழும், மறையும், மறுபடி விழும். ஊர்ப் பெடியன்கள் எப்படியோ மணம் பிடித்து வந்துவிட்டார்கள், கரப்பு, அத்தாங்கு, அரிசிச் சாக்கு, கையில் கிடைத்ததோடு. கடைசியாக, மருத வேருக்கு உள்ளே இருந்த பொந்திலிருந்து என் முழங்கைத் தடிப்பில் ஒரு விலாங்கு வந்தது. அதைப் பிடிக்க நாலு பேர் சேற்றில் உருண்டோம். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு ஒருவருக்கும் கவலை இல்லை. திருவிழா மாதிரி இருந்தது. வீட்டில் விரால் குழம்பு, நல்ல ருசி.

அப்பப்பா மட்டும் சாப்பிடவில்லை. அவர் வயற்காரர் இல்லை, வீச்சுவலையும் தூண்டிலுமாகக் காலத்தை ஓட்டியவர். “அந்த விலாங்கு எத்தின வயசு தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது. “எனக்கும் தெரியா. மறுகா எண்டாலும் அது கடலுக்குப் போகோணும்” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நெல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அரைவாசிக்கு மேல் பதர். அந்த அரை அங்குலத் தண்ணீர் நெல்லையும் காப்பாற்றவில்லை.

விலாங்கு கடலுக்குப் போக வேண்டும் என்று அப்பப்பா சொன்னதை நான் கிழவன் கதை என்றுதான் எடுத்தேன். பிறகு தேடிப் படித்தால் அவர் சொன்னது அச்சுப்பிசகாத உண்மை. விலாங்கு கடலில் பிறக்கிறது, அதுவும் கரையோரத்தில் இல்லை, ஆழக் கடலில். கண்ணாடி மாதிரி உடம்புக்குள்ளால் மறுபக்கம் தெரிகிற குஞ்சாக முகத்துவாரத்தால் உள்ளே வந்து, களப்பைக் கடந்து, ஆற்றில் ஏறி, ஓடையில் ஏறி, இப்படி ஒரு மடுவில் வந்து குந்தி வருசக்கணக்காக வளர்கிறது. முட்டை விடுகிற வயசு வந்ததும் வந்த வழியே திரும்பிப் போக வேண்டும். நாங்கள் பிடித்தது போகக் காத்திருந்த ஒன்று. ஏன் போகவில்லை என்றால், போக வழியில்லை. மாரியில் ஆறு நிரம்பி ஓடினால்தானே இறங்கும், அந்த மாரிதான் வரவில்லையே.

விலாங்கு மட்டும் என்றால், ஏதோ ஒரு விசித்திர மீன் என்று விட்டுவிடலாம். கொடுவாவைப் பாருங்கள். அதற்கும் கணக்கு ஒன்றுதான்: முகத்துவாரப் பக்கத்து உப்புத் தண்ணீரில் முட்டை, குஞ்சு உள்ளே ஏறிக் களப்பிலும் நன்னீரிலும் வளரும், பருவம் வந்ததும் மறுபடி இறங்கும். களப்பு இறாலும் கடலில் பொரித்து உள்ளே வந்து வளர்கிற ஆள். இன்னும் ஒன்று சொல்கிறேன், இது தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. குளங்களில் வருசா வருசம் நக்டா, அதாவது நன்னீர் மீன் வளர்ப்பைப் பார்க்கிற அரசாங்கச் சபை, குஞ்சு விடுகிறது அல்லவா, திலாப்பியாக் குஞ்சும் பெரிய நன்னீர் இறால் குஞ்சும். அந்த நன்னீர் இறால் பெயரில்தான் நன்னீர். அதன் குஞ்சு பிழைக்க உவர்த் தண்ணீர் வேண்டும். ஆற்றோடு இறங்கிக் களப்பு வாய்க்குப் போய்த்தான் அது பெருகும். அணைக்கு மேலே குளத்தில் விட்டால் கொழுக்கும், விலை போகும், ஆனால் பிள்ளை பெறாது. அதனால்தான் பொரிப்பகத்தில் உப்புத் தண்ணீர் கலந்து வளர்த்து ஒவ்வொரு முறையும் புதிதாய்க் கொண்டுவந்து விட வேண்டியிருக்கிறது. ஆறு சும்மா செய்துகொண்டிருந்த வேலையை இப்போது நாங்கள் லொறியில் ஏற்றிக்கொண்டு திரிகிறோம்.

முகத்துவாரத்தில் கதை இன்னும் சிக்கல். 56 கிலோமீற்றர் நீளக் களப்பு, கடலுக்கு வாய் இரண்டுதான், பாலமீன்மடுவில் ஒன்று, பெரியகல்லாற்றில் ஒன்று. கோடையில் கடல் மணலைத் தள்ளிக்கொண்டு வந்து வாயை மூடும். மாரியில் ஆற்றுத் தண்ணீர் சேர்ந்து அழுத்தித் திறக்க வேண்டும், அல்லது நாங்கள் போய் ஆற்றுவாய் வெட்ட வேண்டும். வெட்டுவதில் ஒவ்வொரு வருசமும் ஒரு சண்டை. வயல் மூழ்குகிறது, உடனே வெட்டு என்று வயற்காரர். இப்போதே வெட்டினால் களப்பு வற்றி மீனும் இறாலும் கடலுக்கு ஓடிவிடும், பொறு என்று தோணிக்காரர். இரண்டு பேர் சொல்வதும் சரி. இரண்டு பேரும் ஒரே குடும்பத்தில் இருந்தால் சோற்றுக் கோப்பையோடு எழும்புவதும் உண்டு, எங்கள் வீட்டில் நடந்திருக்கிறது. ஆனால் அந்தச் சண்டையில் ஒருவரும் மேலே திரும்பிப் பார்ப்பதில்லை. வெள்ளம் வந்தால் ஒரேயடியாக வருகிறது, ஏனென்றால் குளங்கள் நிறையும்வரை பிடித்து வைத்துவிட்டு நிறைந்ததும் கதவைத் திறக்கிறார்கள். கோடையில் ஒன்றுமே வருவதில்லை, ஏனென்றால் எல்லாக் கதவும் பூட்டு. நடுவில் மெல்ல மெல்ல ஓடிக்கொண்டிருந்த அந்தச் சின்ன ஓட்டம் இருக்கிறதே, ஓடையில் கணுக்கால் அளவு, அதுதான் காணாமல் போனது. அது போனதை ஒருவரும் கவனிக்கவில்லை, கணுக்கால் தண்ணீர் போனால் பேப்பரில் செய்தி வருமா.

கணுக்கால் தண்ணீர் மீனுக்கு ஏன் பெரிது என்றால், ஓடுகிற தண்ணீரில் காற்று கலக்கிறது, நிற்கிற தண்ணீரில் கலப்பது குறைவு. தண்ணீர் குறைந்தால் சூடு ஏறும், சூடு ஏறினால் அது பிடித்து வைக்கிற ஒட்சிசன் இறங்கும். 20 பாகையில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் வைத்திருக்கிற தண்ணீர் 30 பாகையில் ஏழரைதான் வைத்திருக்கும். அதிலும் வயலிலிருந்து யூரியா கழுவிக்கொண்டு வந்து பாசி படர்ந்திருந்தால், இரவு முழுக்க அந்தப் பாசியும் ஒட்சிசனைத் தின்னும். விடியற்காலையில் மடுவோரம் போனால் மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நிற்பது அதனால்தான். சின்ன வயசில் நாங்கள் அதை மீன் கதைக்கிறது என்போம். பாடும் மீன் நாடு அல்லவா, கதைக்கிற மீனும் இருக்கட்டும்.

மருத மரத்தின் விசயமும் இங்கேதான் வருகிறது. அந்த நிழல் இருந்தால் மடுத் தண்ணீர் தொட்டால் குளிரும், அதன் வேர்தான் மீனுக்கு வீடு. மணல் அள்ளுகிறவன் முதலில் கரையை இடிக்கிறான், மரம் தானாகச் சாய்கிறது. மணல் போனால் ஆற்றின் அடி இறங்குகிறது, அடி இறங்கினால் பக்கத்துக் கிணற்றிலும் தண்ணீர் இறங்குகிறது, மடுவிலும் இறங்குகிறது. இரவில் போகிற டிப்பர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இது வேறு பதிவாகிவிடும், விடுகிறேன்.

சரி, மேலே இருக்கிறவனைத் திட்டுவது சுகம். நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் மேலே என்பது யார்? எங்களுக்கு மேல்வட்டை, மேல்வட்டைக்கு மேலே குளம், குளத்துக்கு மேலே இன்னொரு குளம், அதற்கு மேலே மலையில் சோளச் சேனை. களப்பில் தோணி தள்ளுகிறவருக்கு நாங்கள்தான் மேலே. வலையிறவில் ஒரு பெரியவரோடு கதைத்துக்கொண்டிருந்தபோது, நான் வயற்காரன் வீட்டுப் பிள்ளை என்று தெரியாமல், “இந்த மிசின்காரன்கள் இருக்கிறவரைக்கும் எங்களுக்கு மீன் இல்ல தம்பி” என்றார். வலையிறவு, பேரிலேயே வலை இருக்கிற ஊர். நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் மிசினின் நிறம் சிவப்பு என்று சொல்லியா அறிமுகப்படுத்திக்கொள்வது.

அம்பாறைப் பக்கம் போனால் இந்த மேலே–கீழே கதை இன்னும் பெரிய அளவில் தெரியும். 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தொடங்கி, இங்கினியாகலையில் அணை கட்டி, சேனாநாயக்க சமுத்திரம் வந்தது. எங்கள் பழைய ஆட்கள் பட்டிப்பளை ஆறு என்று சொன்ன ஆறு அது. அதன் அரசியலை, யார் வந்து குடியேறினார்கள், யார் பெயர்ந்தார்கள் என்பதை நான் இங்கே கிளறவில்லை, அது எல்லாருக்கும் தெரிந்த காயம். ஆனால் அந்த இடதுகரையில் 1980களின் தொடக்கத்தில் ஒரு விசயம் நடந்தது, அது ஏனோ எங்கள் ஆட்களுக்கு அதிகம் தெரியாது. வாய்க்கால் எல்லாம் தூர்ந்து, கடைவயலுக்குத் தண்ணீர் போவதே நின்றிருந்த காலம். கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கொர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த இளம் ஆட்களை வயலுக்கு அனுப்பி, விவசாயிகளைச் சின்னச் சின்னக் குழுவாக உட்கார வைத்துக் கதைக்க விட்டார்கள். சமுத்திரத்தில் தண்ணீர் மிகவும் குறைவாக இருந்த போகம் அது. அப்படிப்பட்ட போகத்தில்தான் மேல்வயல் சிங்கள விவசாயிகள் முறை வைத்து எடுத்து, மிச்சம் பிடித்து, கடைவயலுக்குத் தண்ணீர் விட்டார்கள், அங்கே செய்தவர்களில் நிறையப் பேர் தமிழர். தங்கள் கையால் வாய்க்காலையும் துப்புரவாக்கினார்கள். பொலிஸ் வரவில்லை, வழக்கு இல்லை. யாரும் அதுவரை அவர்களைக் கேட்கவில்லை, கேட்டதும் விட்டார்கள், அவ்வளவுதான்.

இதை வாசித்தபோது எனக்குச் சந்தோசம் வந்தது, கூடவே ஒரு யோசனையும் வந்தது. கடைவயல்காரனுக்குக் குறைந்தது வாய் இருக்கிறது, கூட்டத்துக்கு வந்து கத்தலாம். போகத்துக்கு முந்திய கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். அரசாங்க அதிபர் வருவார், நீர்ப்பாசனத்தில் இருந்து வருவார்கள், கமநல சேவை, காப்புறுதி, வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடுகிற வட்டைவிதானை எல்லாரும் வருவார்கள். விதைப்புத் திகதி, தண்ணீர் திறக்கும் திகதி, பூட்டும் திகதி, மாடுகளை மேய்ச்சல் தரைக்குக் கொண்டுபோகும் திகதி எல்லாம் முடிவாகும். யானை கட்டாயம் வரும், பேச்சில்தான். உர விலை வரும். நான் மூன்று கூட்டத்தில் இருந்திருக்கிறேன், மீன் ஒரு தடவைகூட வரவில்லை. ஆற்றுக்கு இவ்வளவு விட வேண்டும் என்று ஒரு வரி எழுதப்படவில்லை. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அது ஒரு செலவு என்று யாருக்கும் தோன்றவே இல்லை.

வேறு இடங்களில் தோன்றியிருக்கிறது. கலிபோர்னியாவில் கஞ்சா வளர்ப்பு 2016 வாக்கெடுப்பில் சட்டபூர்வமானது அல்லவா, உடனே ஒரு சிக்கல்: கஞ்சாத் தோட்டங்கள் பல மலையில், சாமன் மீன் ஏறுகிற சின்னச் சின்ன ஓடைகளின் தலையில். கோடையில் ஒவ்வொருவனும் ஒரு குழாய் போட்டு இழுத்தால் ஓடை மணலாகிவிடும், எங்கள் மருதடி மாதிரி. அந்த மாநிலத்துத் தண்ணீர்ச் சபை 2017இல் ஒரு விதி போட்டது. ஏப்ரல் 1 முதல் ஒக்டோபர் 31 வரை ஓடையில் கை வைக்கக் கூடாது. மழைக்காலத்தில், அதுவும் ஓடையில் இவ்வளவு ஓட்டம் இருந்தால் மட்டும், எடுத்துத் தாங்கியில் சேர்த்து வைத்துக்கொள், கோடையில் அதைப் பாவி. நான் அங்கே நடப்பதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை, களவாக இழுக்கிறவன் அங்கேயும் இருப்பான். ஆனால் கஞ்சாக்காரனுக்கே மீனைப் பார்த்து ஒரு கலண்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், நெல்லுக்காரனுக்கு எழுத முடியாதா? அந்தப் பக்கத்து ஆறுகளில் ஒன்றின் பெயர் விலாங்கு ஆறு என்பது இன்னொரு தமாஷ். 1850 வாக்கில் அந்த வழியால் வந்த வெள்ளையர்கள் அங்கத்தைய பூர்வீக மக்களிடம் உடைந்த தாச்சித் துண்டுகளைக் கொடுத்து மீன் வாங்கினார்கள், வாங்கியதை விலாங்கு என்று நினைத்துப் பெயரும் வைத்துவிட்டார்கள். அது விலாங்கே இல்லை, விலாங்கு மாதிரி நீண்ட, தாடையில்லாத வேறு ஒரு மீன். எங்கள் அப்பப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தால் பார்த்த உடனே சொல்லியிருப்பார்.

எங்கள் ஊரில் கலண்டர் எழுதாமலே ஒரு வருசம் அந்த விதி நடந்தது. 2022. பெற்றோல் இல்லை. முதலில் வரிசை, பிறகு கியூ.ஆர். அட்டை, கிடைக்கிற லீற்றர் கணக்கு மோட்டார் சைக்கிளுக்கே காணாது, மிசினுக்கு எங்கே போவது. அதற்கு முந்தின வருசம் உரமும் நிறுத்தப்பட்டதால் பலபேர் வயலையே குறைத்துப்போட்டிருந்தார்கள். எங்களுக்கு அது எப்படிப்பட்ட வருசம் என்று நான் எழுதத் தேவையில்லை, ஒரு நேரம் சாப்பிட்ட வீடுகள் இருந்தன, எங்கள் வீடும் ஒன்று. ஆனால் அந்த ஓகஸ்டில் நான் மருதடிக்குப் போனேன். ஒரு மிசின் சத்தமும் இல்லை, காற்றுச் சத்தம் மட்டும். மடு நிறைந்து நின்றது. வேர்ப் பக்கம் சிவப்பாய் ஏதோ ஒரு மேகம் மாதிரி அசைந்தது. குனிந்து பார்த்தால் விரால் குஞ்சு, நூற்றுக்கணக்கில், ஒன்றாகச் சேர்ந்து மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு ஒன்றாக இறங்குகிறது, கீழே கறுப்பாய்த் தாய் தகப்பன் காவல். கையில் தூண்டில் இருந்தது. வீட்டில் கறிக்கு ஒன்றும் இல்லை என்பதும் நினைவில் இருந்தது. பெரிய விரால் ஒன்றை எடுத்தால் குஞ்சு முழுக்க மற்ற மீனுக்கு இரை. தூரத்தில் போய்க் கெளுத்தி இரண்டு பிடித்துக்கொண்டு வந்தேன்.

ஒரு வருசத்து நிலைமையை வைத்து ஆராய்ச்சி முடிவு சொல்ல முடியாது, அந்த வருசம் மழையும் கொஞ்சம் நன்றாகப் பெய்திருக்கலாம். ஆனால் மடுவை நிறைத்தது எந்தத் திட்டமும் இல்லை, பெற்றோல் தட்டுப்பாடு. அது மனசில் நின்றுவிட்டது.

அப்பாவோடு கதைக்க அதற்குப் பிறகும் எனக்கு ஒரு வருசம் எடுத்தது. மீனைப் பற்றிப் பேசினால் சரிவராது என்று தெரியும், அதனால் அந்த அரை அங்குலக் கணக்கைத்தான் காட்டினேன். கொப்பியில் போட்டதை வாங்கிப் பார்த்தார், தானும் ஒருமுறை பெருக்கிப் பார்த்தார், பிறகு கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து, “அப்ப அந்தத் தண்ணிக்கு ஊத்தின பெற்றோல் எவ்வளவு?” என்று கேட்டார். அங்கேதான் அவர் விழுந்தார்.

இப்போது செய்கிறது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மடுவில் நட்ட கல் ஒன்று இருக்கிறது, அதில் கோவில் வேலைக்கு வாங்கி மிஞ்சிய பெயின்றில் ஒரு கோடு. தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றால் எடுக்கலாம், கோட்டுக்கு வந்தால் மிசின் நிற்க வேண்டும். ஹோஸ் வாயில் நுளம்பு வலை சுற்றுகிறோம், குஞ்சு உள்ளே இழுபடாமல். சிறுபோகத்துக்கு மூன்றரை மாத நெல்லை விட்டு மூன்று மாத நெல், பிஜி 300, அதனால் கடைசித் தண்ணீர் ஒன்று மிச்சம். வயலை எப்போதும் மூழ்கடித்து வைக்காமல், துளை போட்ட ஒரு பிவிசி குழாயை மண்ணில் இறக்கி, உள்ளே தண்ணீர் 15 சென்ரிமீற்றர் கீழே போன பிறகு மட்டும் கட்டுகிற முறையைப் போன போகம் ஒரு ஏக்கரில் பார்த்தோம். பூக்கிற நேரத்தில் மட்டும் வற்ற விடக் கூடாது. அப்பாவுக்கு அந்த ஏக்கரைப் பார்க்கிற நேரமெல்லாம் நெஞ்சு பதறியது, வெடித்த வயலைக் கண்டால் வயற்காரனுக்கு வேறு எப்படி இருக்கும். புல் கொஞ்சம் கூடத்தான் வந்தது. விளைச்சல் மற்ற இரண்டு ஏக்கரோடு பார்த்தால் குறையவில்லை.

மிசினை விற்றுவிட்டோம். அந்தச் சிவப்பு மிசினை, ஓடையில் எங்களுக்கு மேலே வயல் செய்கிற ஒருவர் வாங்கினார், நல்ல விலைக்குத்தான் வாங்கினார். கோடு அடித்த கதையை அவருக்கும் சொன்னோம். “பாப்பம் தம்பி” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவர் வீட்டிலும் காப்பு அடகில் இருக்கும்.

மடுவின் கோட்டுக்கு மேலே இந்த ஓகஸ்டில் நாலு விரல் தண்ணீர் நிற்கிறது. நேற்று இரவு பதினொரு மணி இருக்கும், வாடியில் படுத்திருந்தோம். ஓடையின் மேல்பக்கம் ஒரு மிசின் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது, இரண்டு தரம் இருமிவிட்டு மூன்றாவதில் பிடித்தது. அப்பா எழும்பி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

“நம்மட மிசின்தான்” என்று சொல்லிவிட்டு டோர்ச்சைத் தேடினார்.